மீன்குஞ்சுத் திருடன்

"கொசுவலையாலயாடா அள்ளுன?"

மீனவர் சங்கக் கட்டிடத்தில் இருந்த அத்தனை பேரும் நெத்திலியைப் பார்த்தார்கள். ஆள் ஒல்லி, அதனால் அந்தப் பேர்.

"ஆமாங்க ஐயா," என்றான்.

கேள்வி கேட்ட மீன்துறை அதிகாரி தன் செல்போனைச் சுற்றிலும் இருந்தவர்களுக்குக் காட்டினார். பாலத்தில் போன எவனோ ஒரு புண்ணியவான் எடுத்து அனுப்பிய வீடியோ.

காலையில்தான் ஆற்றில் மீன்குஞ்சு விடும் விழா. படித்துறையில் பந்தல், மைக், மாலை. பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே ஆளுக்கொரு வாளி கொட்டினார்கள். தண்ணீரைப் பார்த்துக் கொட்டியவர் ஒருத்தரும் இல்லை.

கார்கள் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் நெத்திலி கொசுவலையோடு இறங்கிவிட்டான். அள்ளி அள்ளி டிரம்மில் போடுவது வீடியோவில் பளிச்சென்று தெரிந்தது.

"ஆத்துல மீனே இல்ல, பாதிப்பேர் மூட்டை தூக்கப் போயாச்சுன்னு மனு கொடுத்தது நீங்கதானே? மூணு மாசத்துக்கு யாரும் வலை போடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

சங்கத் தலைவர் எழுந்தார். நெத்திலியின் தங்கையைக் கட்டியவர். அந்த உறவெல்லாம் இன்றைக்குச் செல்லாது என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஏண்டா, சோறுதானே திங்கிற? அது வளர்ந்தா ஊரே பிழைக்கும். நகத்தளவு மீனை அள்ள உனக்குக் கை கூசல?"

"தப்புத்தாங்க."

"என்ன பண்ணின அதை?"

"வாத்துப் பண்ணைக்கு வித்துட்டேன்."

"த்தூ," என்றார் முன்வரிசைப் பெரியவர்.

வாசலில் நின்ற நெத்திலியின் மனைவி வாயைத் திறக்கப் போனாள். தலைவரின் மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க சும்மா இருங்க அண்ணி."

அதிகாரி கறாராகச் சொன்னார். "இவனைச் சங்கத்துலேர்ந்து நீக்கலேன்னா, அடுத்த வருஷ மீன்குஞ்சு உங்களுக்குக் கிடையாது. வேற ஊருக்குக் கொடுத்துடுவேன்."

"ஒரு வருஷம் நீக்கியாச்சுங்க. இவன் ஆத்துல வலை போட்டா நானே பிடிச்சுக் கொடுக்கறேன்," என்றார் தலைவர்.

அதிகாரிக்குத் திருப்தி. கொசுவலையைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

'த்தூ' சொன்ன பெரியவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "போயாச்சு."

தலைவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "எல்லாத்தையும் எடுத்துட்டியா மச்சான்?"

"முக்காவாசி எடுத்து, ஆத்துல மேல்பக்கமா கொண்டுபோய் நல்ல தண்ணியில விட்டுட்டேன். மத்ததெல்லாம் அந்தப் படித்துறையிலயே மல்லாந்துடுச்சு."

நெத்திலியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "சாக்கடை விழுற இடத்துல கொண்டுபோய்க் கொட்டினது அவங்க. திருட்டுப் பட்டம் இவருக்கா? உள்ளதை அவர்கிட்டச் சொன்னா என்னவாம்?"

"போன வருஷமே சொன்னேனே தங்கச்சி," என்றார் தலைவர். " இங்க விட்டா செத்துடும், கொஞ்சம் மேல வந்து விடுங்கன்னு. அங்க கார் வராது, உங்களுக்கு மீன்குஞ்சு வேணுமா வேண்டாமான்னு கேட்டுட்டாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வருஷம் வலை போடாம நாங்க எதைச் சாப்பிடறது?"

"எல்லார் வலையிலயும் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. அதெல்லாம் காலையிலேயே பேசி முடிச்சாச்சு," என்ற தலைவர், நெத்திலியின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷம் திருடன் முறை எனக்கு. உன் தங்கச்சி புருஷனாச்சேன்னு பாக்காம, நீ நல்லா திட்டணும் மச்சான்."