வேனா, காரா?

"வேன் வேணாம். அந்தச் சிவப்புக் காரே இருக்கட்டும்" என்றான் சுரேஷ்குமார்.

அவன் மனைவி கீதாஞ்சலி வேன் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

வேங்கிக்காலில் பழைய வண்டி விற்கும் தருமனின் ஷெட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று, வெள்ளை வேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டால் ஓர் ஆள் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம். இன்னொன்று, நாலு பேர் நெருக்கி உட்காரும் சின்னக் கார்.

சுரேஷ்குமாருக்கு முதுகெலும்பில் புற்றுநோய். பள்ளிக்கூடம் போகும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வலிக்கு மருந்து ஏற்ற வாரத்துக்கு இரண்டு நாள் வேலூர் ஆஸ்பத்திரி. வாடகைக் காரில் உட்கார்ந்து போனால் போளூர் வருவதற்குள் துடித்துப் போவான். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் வேன் வாங்கலாம் என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

"ஏங்க, வேன்னா படுத்துக்கினே போலாங்க. என் தம்பி பிரகாஷ் ஓட்டறேன்னு சொல்லியிருக்கான்."

"எத்தினி நாளைக்கு ஓட்டுவான்? அவனுக்கும் பொழப்பு இருக்குல்ல. அதுவுமில்லாம, பாக்கறதுக்கே ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு. தெருவுல கொண்டாந்து நிறுத்தினா நாலு பேர் என்ன நெனைப்பாங்க?"

"நீங்க வலியில துடிக்கறப்ப அந்த நாலு பேரா வந்து புடிச்சிக்கறாங்க?"

"இப்பல்லாம் வலி கம்மிடி. உக்காந்தே வருவேன்."

பொய். இன்று காலையில் அவனுக்குச் செருப்பு மாட்டிவிட்டதே அவள்தான்.

தருமன் தயங்கித் தயங்கி நடுவில் வந்தான். "வேனும் நல்ல வண்டிதாண்ணே. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தை ஏத்திக்கினு ஓடின வண்டி. இஞ்சின் கல்லு மாதிரி இருக்கும்."

"கார்தான். பேப்பர எடு."

கீதாஞ்சலிக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ!

"சாகப்போற நேரத்துலயும் பவுசு பாக்கறீங்களே!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை ஒரு மாதமாகக் கணவனுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள். இப்படி, கார் ஷெட்டில், வேற்று ஆள் எதிரில் போட்டு உடைத்துவிட்டாளே!

அவன் வேனைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட ஆபீஸ் அறைக்குள் போனான்.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். படுக்க இடமிருந்தும் வேண்டாம் என்கிறான். இனி எத்தனை முறை வேலூர் போகவேண்டுமோ, அத்தனை முறையும் அந்தச் சின்னக் காரில் அவன் அலறுவதைக் கேட்கவேண்டும்.

தருமன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"அக்கா, அண்ணன் நேத்தே எனக்குப் போன் பண்ணிட்டாரு. 'சின்ன வண்டியா, கியர் போடற வேலை இல்லாததா, புதுசா கத்துக்கறவங்க பயப்படாம ஓட்டற மாதிரி ஒண்ணு எடுத்து வை'ன்னாரு."

"யாரு கத்துக்கப் போறாங்க?"

தருமன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீங்கதாங்க்கா. 'வேன் எனக்குத்தான் சொகம், அதுவும் மூணு மாசத்துக்கு. அப்புறம் பொண்ணைக் கூட்டிக்கினு அவ ஒண்டியாத்தானே எல்லா இடத்துக்கும் போவணும்'னாரு."