ஒரு பேணி மண்

நாற்பத்து நான்கு வருடமும் ஐந்து மாதமும் பொறுத்திருந்த தியாகலிங்கத்துக்கு, விழா தொடங்க மிச்சமிருந்த பத்து நிமிடத்தைப் பொறுக்க முடியவில்லை. ஷொப்பிங் பையை இரண்டு விரலில் கொழுவிக்கொண்டு கனடாவின் ஸ்காபரோ பாடசாலை மண்டபம் ஒன்றுக்குள் விறுவிறுவென்று நுழைந்தார்.

வாசலில் வரவேற்புக்கு நின்ற இளம்பெண் சாம்பவி மறித்தாள். பைக்குள் ஒரு பால்மாப் பேணியின் தகர மூடி தெரிந்தது.

"அங்கிள், சாப்பாட்டுச் சாமான் எண்டால் கிச்சினுக்குக் குடுங்கோ. இஞ்சாலை அலவ்ட் இல்லை."

"உது சாப்பாடில்லைப் பிள்ளை. சண்முகநாதனுக்குப் பரிசு. மேடையிலை நானே குடுக்கவேணும்."

"ஸோ ஸ்வீட்! சேர் மேடைக்குப் பின்னாலை அறையிலை இருக்கிறார். போய்க் கதையுங்கோ. ரண்டு பேரும் ஃபிரெண்ட்ஸா?"

"ஒரே அறையிலை இருந்தனாங்கள்," என்றார் தியாகலிங்கம், பல்லைக் கடித்தபடி.

மேடையில் பெரிய எழுத்தில் 'மூத்த விஞ்ஞானிக்குப் பாராட்டு விழா' என்று கட்டியிருந்தார்கள். விஞ்ஞானியாம்! காட்டிக்கொடுத்தவனுக்குப் பொன்னாடையாம்!

ஐம்பத்தோராம் ஆண்டு இருவரும் கொழும்பில் ஓர் அரச பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்த இளம் கெமிஸ்ட்டுகள். வெள்ளவத்தையில் கடற்கரை ஒழுங்கை ஒன்றில் ஒரே அறை. பேருவளைக் கரையில் கிடந்த கனமண்ணில் தோரியம் இருந்தது. அணுகுண்டு வைத்திருந்தவர்களும் வைத்திருக்க ஆசைப்பட்டவர்களும் தோரியத்துக்கு அலைந்த காலம். வெளியாருக்கு ஒரு பிடிகூடக் கொடுக்கக் கூடாது என்பது அரசாங்கக் கட்டளை.

ஒரு வெள்ளைக்காரன் தியாகலிங்கத்திடம் ஒரு பேணி மண் கேட்டான். அணுவின் ரகசியம் ஒரு நாட்டின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது என்றான். தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் தருவதாகவும் சொன்னான். தியாகலிங்கம் இரண்டையும் நம்பினார்.

பரிசோதனைக்கூடத்திலிருந்து சிறுகச் சிறுக மண்ணைக் கடத்திவந்து, கட்டிலுக்குக் கீழே இருந்த பேணியை நிரப்பி மூடினார். மறுநாள் மாலை காலிமுகத் திடலில் பேணி கைமாறியது. அடுத்த நிமிடம் சி.ஐ.டி. வந்து அதைப் பறித்தது. விஷயம் தெரிந்திருந்த ஒரே ஆள் சண்முகநாதன்.

மூன்று நாள் விசாரணை. வேலை போனது. கனடா வரும்வரை வாழ்க்கை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு டியூட்டறியில் படிப்பிப்பதில் கழிந்தது. சண்முகநாதனோ அதே கூடத்தின் தலைவராகி ஓய்வு பெற்றார்.

அறைக்குள் வேட்டி சால்வையோடு இருந்த சண்முகநாதன் அவரைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தார்.

"வாடா லிங்கம்..."

"டா போடாதை. அந்த உரிமை உனக்கு எப்பவோ போச்சு." தியாகலிங்கம் பேணியை மேசையில் ணங்கென்று வைத்தார். "உந்த மண்ணை மேடையிலை கொட்டி, சனத்துக்கு உன்ரை சரித்திரத்தைச் சொல்லப்போறன்."

"என்ன மண்?"

"ஒன்ராறியோ வாவிக்கரை மண். காலமை போய் அள்ளினனான். அதே அளவுப் பேணி. அண்டைக்குத் துணிப்பை, இண்டைக்கு ஷொப்பிங் பை. அதே ரண்டு விரல், அதே பாரம். என்ரை கை ஒண்டையும் மறக்கேல்லை."

சண்முகநாதன் பேணியைத் தூக்கிப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"சொல்லு! சி.ஐ.டி.க்குச் சொன்னது நீதானே?"

"ஓம். நான்தான்."

மறுப்பான் என்றுதான் தியாகலிங்கம் நினைத்திருந்தார். மறுத்தால் கேட்க வைத்திருந்த கேள்விகளெல்லாம் வீணாயின.

"வெக்கமில்லையோ உனக்கு?"

"அவங்களுக்கு முதலே மணந்திட்டுது. முதல் நாளே என்னைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டவங்கள். சத்தியம் பண்ணி அரசாங்க வேலை எடுத்தவன் நான். பொய் சொல்ல வாய் வரேல்லை."

"ஒரே கோப்பையிலை சாப்பிட்டவனுக்குச் சத்தியம் இல்லையோ?"

"அதைச் சொல்லத்தான் ரண்டு தரம் உன்ரை வீட்டுக்கு வந்தன். ரண்டு தரமும் கதவைச் சாத்தினனீ." சண்முகநாதனின் குரலும் ஏறியது. "பத்து வருஷம் மறியலிலை அடைப்பம் எண்டு வெருட்டினவங்கள், மூண்டாம் நாள் ஏன் உன்னை விட்டவங்கள்?"

"நான் வாய் திறக்கேல்லை! அவ்வளவு கேட்டும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை!"

இத்தனை வருடமும் அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே பெருமை அதுதான்.

"நீ வாய் திறக்காட்டில் அவங்கள் பேணியைத் திறக்க மாட்டாங்களோ?"

தியாகலிங்கத்தின் கண் மேசையிலிருந்த பேணிக்குப் போனது.

"நீயும் ஒரு கெமிஸ்ட்டோ? கனமண் சும்மா மண்ணிலும் ரண்டு மடங்கு பாரம். ஒரு பேணி கனமண்ணை ரண்டு விரலிலை கொழுவேலுமோ?"

தியாகலிங்கம் தன் விரல்களைப் பார்த்தார். பையின் பிடி பதிந்த சிவப்புக் கோடு இன்னும் மறையவில்லை.

கதவு திறந்தது. "சேர், ஸ்டேஜ் ரெடி. அங்கிள், கிஃப்ட்டையும் எடுத்துக்கொண்டு வாங்கோ!" என்றாள் சாம்பவி.

சண்முகநாதன் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"நீ குளிக்கப் போன நேரம் அந்தப் பேணியிலை வெள்ளவத்தைக் கடற்கரை மண்ணை நிரப்பினது நான்தானடா!"