மூன்றாவது கை

வீட்டில் இருந்தது மூன்று பேர். துறைமுகத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஸ்தனிஸ், அவன் மனைவி ஜெசிந்தா, அவன் இடுப்பில் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட நடைப்பயிற்சிப் பட்டை. பட்டையையும் ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். அங்கே முடிவெடுப்பது அதுதான்.

நடக்கும்போது அடுத்தவர் கை அவன்மேல் பட்டால் பட்டை குறித்துக்கொள்ளும். மூன்றாம் முறை பட்டால், ‘இவர் இனி நடக்க மாட்டார்’ என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடும். அப்புறம் பயிற்சி கிடையாது, கட்டில்தான். இரண்டு முறை ஆகிவிட்டது. இரண்டும் ஜெசிந்தாவின் கை. அவன் தள்ளாடினால் அது அவளைக் கேட்காமலே நீண்டுவிடுகிறது.

ஸ்தனிஸ் எழுந்து நின்றான். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கையை விட்டான். அவள் கையை முந்தானைக்குள் சுருட்டினாள், உடனே வெளியே எடுத்தாள்.

“ஏட்டி, நீ வெளிய போ.”

“விழுந்தா?”

“தரை பிடிக்கும். அது பிடிச்சா இடுப்புல கெடக்க இவன் ஒண்ணும் எழுத மாட்டான்.”

“வாசல்ல நிக்கேன். கதவு தொறந்து கெடக்கட்டும்.”

“ஒன் கை வாசலத் தாண்டி வரும். சாத்திட்டுப் போ, நானே வந்து தாப்பாப் போட்டுக்கிடுதேன்.”

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலிலிருந்து கதவுக்குப் பதினோரு அடி எடுத்து வைக்க வேண்டும். காலடிகளை எண்ணினாள். ஆறாவதில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. அவன் பட்டையைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஏழாவது அடி கேட்கவில்லை. அவள் கை கைப்பிடிமேல் இருந்தது. அதைப் பிடுங்கி அக்குளுக்குள் திணித்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

ஏழு. எட்டு. வெகுநேரம் கழித்து ஒன்பது.

பதினொன்று முடிந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.