நயோபியத்தின் இடம்

கடலடிப் பாறையொன்று கண்டத்தின் அடியில் மெல்லப் புதைந்துகொண்டிருந்தது. வெப்பம் தாளாமல் அதனுள்ளிருந்த நீர் மேலே கிளம்பியது. பாறையில் இருந்த பேரியம் என்னும் தனிமம் ஓடிச்சென்று நீரின் தோளில் ஏறிக்கொண்டது.

“நீயும் வாடா, நயோபியம்! எரிமலை வழியாகப் போனால் வானத்தைப் பார்க்கலாம்.”

அதே பாறையில் இருந்த இன்னொரு தனிமமான நயோபியத்தை ரூட்டைல் என்னும் செந்நிறப் படிகம் இறுகப் பற்றியிருந்தது.

“போயேன், நானா பிடித்து வைத்திருக்கிறேன்?” என்றது ரூட்டைல், பிடியைத் தளர்த்தாமலே.

நயோபியம் சிரித்தது. “இதற்கு இருட்டென்றால் பயம். நீயாவது வானத்தைப் பார்.”

நீர் பட்டு உருகுநிலை குறைந்ததால், மேலிருந்த சூடான பாறை உருகிக் குழம்பாயிற்று. அக்குழம்போடு வெளியேறிய பேரியம், மலைச்சரிவில் கல்லாக உறைந்தது. அதன் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. மழைத்துளி ஒன்று அங்கே வந்து அமரப் பார்த்தது.

“அது என் நண்பனின் இடம்.”

“எப்போது வருவான்?”

“வரமாட்டான்,” என்றது பேரியம். “நீ சற்றுத் தள்ளி உட்கார்.”