மாமி அரைத்த கீழாநெல்லி

“கண்ண மூடிக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சிரு கண்ணு. மிச்சம் வைக்கக் கூடாது.”

மாமியார் இராஜேஸ்வரி நீட்டிய கீழாநெல்லிச் சாற்றைத் துஷ்யந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். கசப்பு நாக்கை விட்டுப் போகுமுன்பே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வாயில் வந்து விழுந்தது.

கல்யாணமாகி மூன்று மாதம். சாறு ஒரு நாள்கூடத் தவறவில்லை. மாலையில் கரிசலாங்கண்ணிக் கஞ்சி வேறு. பொரித்த பண்டத்தைக் கண்ணில் காட்டுவதே இல்லை.

“நான் என்ன சீக்காளியா மாமி?”

“ஈரல் சுத்தமா இருந்தாத்தான் மொகம் மினுங்கும். நாளைக்கு ஒரு புள்ள குட்டி வேணாமா?”

துஷ்யந்திக்கு வெட்கத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. தாயில்லாத பெண். புசல்லாவையில் சித்தி சோறு போட்டு வளர்த்தாளே தவிர, சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடமும் கிடையாது.

கண்டியில் சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் இவளைத் தேடி வந்ததே அதிசயம். சீதனம் வேண்டாம் என்றார்கள். ஜாதகத்தைக்கூடப் புரட்டவில்லை, இரத்தப் பரிசோதனை ரிப்போட் மட்டும் போதும் என்றார்கள். படித்த குடும்பமென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே வாயைப் பிளந்தது.

மாப்பிள்ளை மோகனராஜ் அதிகம் பேசமாட்டான், நாலு எட்டு வைத்தாலே களைத்துப் போவான். அதனாலென்ன, தாய்க்குத் தாயாக மாமி இருக்கிறாளே!

அன்று மாமியே ஆட்டோ பிடித்து அவளைத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஸ்கேன் முடிந்ததும், “நீ இந்தக் கதிரையில இரு கண்ணு” என்று தலையைத் தடவிவிட்டு டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. பிள்ளை பற்றிய நல்ல சேதியாக இருக்கும் என்று துஷ்யந்தி காதைத் தீட்டிக்கொண்டாள்.

“மருமகளுக்கு ஒரு குறையும் இல்ல,” என்றார் டாக்டர். “ஆனா ஒங்க மகனுக்கு இனிச் சுணங்க ஏலாது. மருமகக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்கதானே?”

“சொல்லாம இருப்பேனா? சந்தோசமாச் சம்மதிச்சிட்டா.” மாமியின் குரலில் அதே வாஞ்சை. “ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும் டாக்டர். ஈரல வெட்டி எடுத்த பொறகு, எத்தன நாள்ல அவள ஊருக்கே திருப்பி அனுப்பிடலாம்?”