சிக்னல் எட்டாத மூலை

மாணவர்கள் எங்கே, எந்த மனநிலையில் இருக்கிறார்கள் என்று வீட்டுக்குச் சொல்லும் நெட்வொர்க்கின் சிக்னல் பல்கலைக்கழக வளாகத்தில் எட்டாத ஒரே இடம், தாவரவியல் துறைக்குப் பின்னாலிருந்த மூங்கில் புதர்தான். அங்கும் கருவி பொருத்த பவுலின் என்ற நெட்வொர்க் பெண் ஊழியர் ஏணியோடு வந்தபோது, சுகிர்தா என்ற மாணவி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் எங்க அழுதாலும் நெட்வொர்க் அம்மாவுக்குச் சொல்லிடுது. நெஞ்சுவலியோட பஸ் ஏறி வந்துடறாங்க. இந்த இடத்த மட்டும் விட்டுடுங்களேன்."

"நான் விட்டா நாளைக்கு வேற ஆள் வருவாங்கம்மா. நீ அழுது முடி, நான் இருக்கேன்."

சுகிர்தா நெடுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கருவியில் பச்சை விளக்கு எரிந்ததுமே அவள் கைபேசி ஒலித்தது.

"இவ்வளவு நேரமா உன்னைக் காணலையே, எங்கடி இருந்தே?" என்றாள் அம்மா.

"ஃப்ரெண்டோட இருந்தேம்மா."