ஷமீமாவுக்குத் தனிப் பெட்டி

"வூட்டுக்குள்ளயே கள்ளன வச்சிக்கிட்டு, வாசல்ல பூட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்? எனக்குத் தனியா ஒரு டப்பா வேணும்!"

ஷமீமா இப்படிச் சொன்னதும் கட்டடத்துச் சொசைட்டி மீட்டிங்கே சஃப்ரீனைத் திரும்பிப் பார்த்தது. அந்த வீட்டில் இருப்பது ஷமீமா, மகன் ராஹில், மருமகள் சஃப்ரீன். மாமியார் யாரைக் கள்ளன் என்பாள் என்று ஊருக்குத் தெரியாதா?

தாராவியின் அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் பழைய தகரத் தபால் பெட்டிகளுக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. இப்போது லிஃப்ட் பக்கத்தில் மொத்தமாக ஸ்டீல் பெட்டி வைக்கப்போகிறார்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி, ஒரு சாவி.

இதற்காக அதிகம் ஏங்கியவள் சஃப்ரீன்தான். போன வருஷம் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். கூடவே எழுதிய தோழி பிரேமலதாவுக்கு இன்டர்வியூ லெட்டர் வந்தது. இவளுக்கு வரவில்லை. "தொறந்து கெடக்க டப்பா, காத்து கொண்டு போயிருக்கும்" என்று ராஹில்தான் தேற்றினான். இந்த வருஷம் மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறாள்.

செக்ரட்டரி ராஜசேகர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஷமீமாக்கா, ஏக் கர், ஏக் டப்பா. வூட்டுக்கு ஒண்ணு, அதான் ரூல். ஒரே அடுப்புல ஆக்கித் தின்னுக்கிட்டு ரெண்டு டப்பா கேட்டா நல்லாவா இருக்கு?"

"வரிசையில மிச்சம் டப்பா இருக்குல்லா? அதுல ஒண்ணு குடுங்க. காசு நான் தாரேன்."

"ராஹில் பாய், நீங்க என்ன சொல்லுதீய?"

ராஹில் சிரித்தான். "உம்மா கேக்கத குடுத்துருங்க. வூட்டு டப்பா சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

"அந்தப் பொண்ணு என்னத்த எடுத்துச்சோ, பாவம்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். வெறும் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது.

சஃப்ரீன் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். போன மாசம் கண் ஆபரேஷன் முடிந்து வந்த இந்த மாமிக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவள் அவள். அன்றிலிருந்து மாமியோடு பேச்சையும் குறைத்துக்கொண்டாள்.

பெட்டிகளைச் சுவரில் மாட்டிய மறுநாள், ராஹில் வேலைக்குப் போனதும் ஷமீமா அவளைக் கீழே கூட்டிப்போனாள். தன் பெட்டியைப் பூட்டினாள். சாவியை மருமகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"இது ஒனக்குத்தான். ஒம் பேர்ல வாரதெல்லாம் இதுல போடச் சொல்லி போஸ்ட்மேன்கிட்ட சொல்லிட்டேன். எம் பேர்ல இருக்க டப்பாவ யாரும் கேக்க மாட்டாவ."

சஃப்ரீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதுக்கா மாமி அவ்வளவு சண்ட போட்டீங்க? அதான் வூட்டு டப்பாவுக்கே பூட்டு வந்துட்டுல்லா. இனிம எப்படித் தொலையும்?"

ஷமீமாவுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போன தடவயும் அது தொலையலம்மா. நீ வேலைக்குப் போயிரக் கூடாதுன்னு கிழிச்சுப் போட்டவன், நான் பெத்த மவன்."